வெறும் வயிறு

காஞ்சிபுரத்தில் கால்நடை மருத்துவமனை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் என்பது கையிலேயே தெரிந்தது. மணிக்கட்டு வரை அரக்குச் சிவப்பு. கூட எந்தப் பிராணியும் இல்லை. மடியில் ஒரு பை நிறைய அருகம்புல். ஒவ்வொரு புல்லாக எடுத்து வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சமீபத்தில் தத்தெடுத்த என் பெண் முயலுக்கு அன்று கருத்தடை அறுவை சிகிச்சை. கூடைக்குள் சுருண்டு கிடந்தது.

"காலைல என்னாமா குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கலைங்க. ஆபரேஷனாச்சே."

அவர் முகம் மாறியது. "முயலுக்கு வயிறு காயக் கூடாதும்மா. காஞ்சா குடல் நின்னுடும்" என்று புல்லைக் கூடைக்குள் நீட்டினார். முயல் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவர் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு புல்லை இழுத்து மெல்லத் தொடங்கியது. ஊழியர் வந்து கூப்பிட்டபோது, இன்னும் கொஞ்சம் தின்னட்டும் என்று சைகை காட்டி நிறுத்தினார்.

"எங்களுதும் இதே ஆபரேஷனுக்குத்தான் வந்துது. டாக்டர் புல்லு போடத்தான் சொன்னாரு. எம்பொண்டாட்டி ஆபரேஷனுக்கு வெறும் வயித்துலதான இட்டுக்கினு போனோம்னு நான்தான் போடல. அது பட்டினி கெடக்குதேன்னு நானும் சாப்டல."

"அப்புறம்?"

"நான் மட்டும் வூட்டுக்குப் போயி சாப்டேன்."

என் முயல் பிழைத்துக்கொண்டது. தையலைக் காட்டப் போன அன்றும் அவர் அதே பெஞ்சில் இருந்தார். சுற்றிலும் நாய்களும் ஒரு கன்றுக்குட்டியும்தான். அவர் புல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.