தட்டினால் விட வேண்டும்

வெயிலில் காய்ந்த கரும்புச் சோகைக்கு ஒரு புழுங்கல் வாடை உண்டு. மணலூர்பேட்டையில் நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளியில் ஜூடோவுக்கு மெத்தை கிடையாது. அந்தக் காய்ந்த இலைகளைப் பரப்பி, மேலே பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருப்போம், அதில் விழுந்து எழுந்தால் உடம்பெல்லாம் அரிக்கும்.

அம்மா கரும்பு வெட்டப் போகிறவள். லீவு நாளில் நானும் கூடப் போய்க் கட்டு கட்டுவேன். நான் ஜூடோ ஆட அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்: "சுளுக்குனு ஒரு நாளு வந்து நில்லு, அன்னியோட நிப்பாட்டிடுவேன். கையி போச்சின்னா வவுத்துக்கு இன்னாடி பண்றது?"

சொன்னால் செய்கிறவள். அதனால், எப்பாடு பட்டாவது ஆட்டத்தை விட்டுவிடக் கூடாது என்ற வைராக்கியத்தில், கழுத்து, தோள், மணிக்கட்டு என்று ஒவ்வொரு மூட்டாகச் சுழற்றி உடம்பு சூடேறாமல் யார் சட்டையையும் பிடிக்க மாட்டேன். விழும்போது கையை ஊன்றாமல், முகவாயை நெஞ்சோடு சேர்த்து, முழுக் கையாலும் தார்ப்பாயை அறைந்து விழுவேன். யாராவது முழங்கையைப் பூட்டி எதிர்ப்பக்கம் வளைத்தால், வலி வரும் முன்பே தட்டிவிடுவேன். தட்டினால் எதிராளி உடனே விட வேண்டும், தட்டியவளுக்குத் தோல்வி. பல்லைக் கடித்துப் பொறுப்பதே வீரம் என்று நினைத்த தோழிகள் எனக்குத் "தட்டுராணி" என்று பேர் வைத்தார்கள். அந்த வீராங்கனைகளில் பாதிப் பேர் பத்துப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நான் பெருந்தன்மையோடு சொல்லிக்காட்டவில்லை.

தேர்வுப் போட்டி திருக்கோவிலூரில். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அன்று விடிந்து பார்த்தால் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள், பஸ் ஓடவில்லை. போட்டி தள்ளிப்போனதாகச் சேதியும் இல்லை. "தனியா வுட முடியாது" என்று அம்மா வேலைக்குப் போகாமல் என்னோடு நடந்தாள். ஜூடோ எப்படி இருக்கும் என்று அவள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜெயித்தால் சென்னையில் மாநிலப் போட்டிக்குப் போகலாம் என்ற கடைசிச் சுற்றில், எதிரே ஆடிய திருக்கோவிலூர்ப் பெண் என் முழங்கையைப் பூட்டிவிட்டாள். மூட்டுக்குள் ஏதோ இழுபட ஆரம்பித்தது. கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "தட்டாதடி! இன்னும் கொஞ்சம் தாங்குடி!" அம்மாவேதான்.

தட்டினேன்.

திரும்பும் வழியில் அம்மா, சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து, "கைய நீட்டு" என்றாள். நீட்டி, மடக்கி, தோள் வரை அமுக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. நாந்தான் வெறி புடிச்சவளாட்டம் கத்திட்டேன். அடுத்த வருசம் அவள வுடாத."

விடவில்லை. அடுத்த வருடம் அந்தப் பெண்ணையே தட்டவைத்தேன்.

இப்போது அந்த ரோடு அகலமாகிவிட்டது, புளியமரம் ஒன்றுகூட இல்லை. அம்மாவும் இல்லை. கடைசிக் காலத்தில் அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, தினமும் அவளைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியது இந்தக் கைகள்தான். திருக்கோவிலூரில் தோற்றதற்காக அதன்பிறகு நான் ஒரு நாளும் வருத்தப்படவில்லை.