சுளகுக்கு ஒரு அந்தியேட்டி

எங்கள் கட்சி செத்துப்போன செய்தியை எங்கள் வீட்டுக் கேற்றில்தான் முதலில் ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுப் போன நான்தான் அதை முதலில் பார்த்தேன். கறுப்புக் கரை போட்ட கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். யாழ்ப்பாணத்தில் மதில் இருக்கிற இடமெல்லாம் இறந்துபோன யாரோ ஒருவர் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்பார். ஆகவே நோட்டீஸ் எனக்குப் புதிதில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுளகின் படம் இருந்ததுதான் புதிது.

"உரும்பிராயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சுளகு அவர்கள் சனிக்கிழமை வாக்குப்பெட்டிக்குள் காலமானார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: ஊரவர்."

அரிசி புடைக்கிற சுளகுதான் எங்கள் கட்சியின் சின்னம். அந்தச் சின்னத்தில் பிரதேச சபைத் தேர்தல் கேட்டுத் தோற்றவர் என் மாமி, அப்பாவின் மூத்த அக்கா. எனக்கு அப்போது பத்து வயது. நெடுங்காலம் சபையை வைத்திருந்த கட்சி, அந்தத் தேர்தலில் மாமியின் வட்டாரத்தை மட்டுமில்லை, சபையையே பறிகொடுத்துவிட்டது. வென்றது அரசாங்கப் பக்கத்துக் குடைச் சின்னம்.

மாமி தையல் ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. யாராவது பொய் சொன்னால் கோணலாக வெட்டிய துணியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்ப்பார். பெண்களுக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது கட்சிக்காரர் ஓடிவந்து மாமியிடம் கையெழுத்து வாங்கினார்கள். சும்மா பெயருக்கு நிற்கத்தான் கேட்டார்கள். மாமியோ சும்மா நிற்கத் தெரியாத ஆள்.

நாங்கள் குடியிருந்தது மாமியின் வீட்டில். அம்மாவின் சீதன வீடு காங்கேசன்துறைப் பக்கம், இராணுவத்தின் வேலிக்குள் இருந்தது. எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு எழுதாமல் கல்யாணம் ஒப்பேறாது. அம்மாவின் வீட்டாருக்கு இருந்த ஒரே வீடோ வேலிக்குள் அகப்பட்டுவிட்டது. அதற்காக விட்டுவிடுவார்களா? யாரும் போய்ப் பார்க்க முடியாத, கூரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த வீட்டை, நாலு எல்லையும் பிசகாமல் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதி அம்மாவின் பெயருக்கு மாற்றித் தாலி கட்டுவித்தார்கள். அப்பா மாப்பிள்ளையாகக் குடிபோகவேண்டிய வீட்டில் ஆமிக்காரர் இருந்தார்கள். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு தன் அக்காவிடம் வந்தார். ஆமி காணியை விட்டவுடன் போய்விடுவோம் என்றுதான் வந்தார்களாம். நான் பிறந்து ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் காணி விடவில்லை.

மாமி ஒரு நாளும் இது தன் வீடு என்று சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் எந்தச் சட்டி எந்தத் தட்டில் கவிழ வேண்டும் என்பதை மாமிதான் தீர்மானிப்பார். அம்மா ஒரு சட்டியைக் கழுவிவிட்டு அதை எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அன்று நோட்டீசைப் பார்த்த அப்பாவுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியும் கட்சிக்காரரும் போய் அந்த வேலிக்கு முன்னால் காணியை விடச்சொல்லி நிற்பது வழக்கம். இனி அதற்கும் வழியில்லை என்பது அப்பாவின் கணக்கு. "சனமே உங்களை வேண்டாம் எண்டிட்டுது, பிறகென்ன காணி எண்டு ஆமிக்காரர் கேப்பாங்கள். இனி ஆரக்கா எங்களுக்காகக் கதைக்கிறது?" என்று குசினி வாசலில் நின்று கேட்டார். அம்மா அரிசியைக் கழுவிக்கொண்டே இருந்தார். அந்த அரிசியை அவர் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கழுவியது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

மாமி நோட்டீசைக் கிழிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். செத்தவீடு என்று போட்டால் கிரியை எங்கே, எப்போது என்று போடவேண்டும், இதுகூடத் தெரியாத ஆட்கள் என்று குறைப்பட்டார். பிறகு என் தடித்த கறுப்புப் பேனையை வாங்கி, கீழே தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: "அன்னாரின் அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் இவ்வில்லத்தில் நடைபெறும். மதிய போசனத்திலும் கலந்துகொள்ளுமாறு ஊரவரை அன்புடன் அழைக்கின்றோம்."

அப்பா தலையில் கைவைத்தார். உயிரோடு இருக்கிறவர்களின் வீட்டில் செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி என்று எழுதலாமா, கடவுளுக்கு அடுக்குமா என்றெல்லாம் கேட்டார். செத்தது சுளகுதானே, நானில்லையே என்றார் மாமி.

முப்பத்தொரு நாளும் அந்த நோட்டீஸ் கேற்றில் இருந்தது. ஒருநாள் மழையில் நனைந்து ஒரு மூலை கழன்றபோது மாமியே பசை பூசி ஒட்டிவிட்டார். கட்சியின் பெரியவர்கள் பட்டணத்திலிருந்து ஆள் அனுப்பி, இது கட்சிக்கு அவமானம் என்று சொல்லிப் பார்த்தார்கள். தோற்றதற்கு வெட்கப்படாதவர்கள் சோறு போடுவதற்கு வெட்கப்படுகிறார்களாம் என்று சொல்லி, மாமி வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போகாமல் விடலாம். கோயில் திருவிழாவுக்குக் கோபித்துக்கொண்டு விடலாம். அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வரச்சொன்ன பிறகு வராமல் விட்டால் அந்தக் கதை மூன்று தலைமுறைக்கு நிற்கும். ஆகவே வந்தார்கள். குடைக்கு வேலை செய்தவர்களும் வந்தார்கள். கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைக்கச் சாம்பல்தான் இல்லை. மற்றபடி பந்தல் இருந்தது, கதிரைகள் இருந்தன, கத்தரிக்காய்ப் பால்கறியும் வாழைக்காய்ப் பொரியலும் வடையும் பாயாசமும் இருந்தன. படம் வைக்கும் இடத்தில் மாமி எங்கள் வீட்டுச் சுளகையே சாய்த்து வைத்து, செவ்வரத்தம் பூ ஒன்றும் வைத்திருந்தார்.

முதலில் வந்தவர் பக்கத்து ஒழுங்கையில் வெங்காயத் தோட்டம் செய்கிற பெரியவர். துக்கவீட்டுக்குப் போய்ப் போய்ப் பழகிய மனிதர். கதிரையில் இருந்து, முகத்தைத் தொங்கப்போட்டு, பழக்கதோஷத்தில் அவர் வாய் தானாக நோயை விசாரித்துவிட்டது.

"என்ன வருத்தத்திலை போனது?"

பந்தலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமி சிரிக்கவில்லை.

"அது உங்களுக்குத்தான் தெரியும். சொல்லிப்போட்டுச் சாப்பிடுங்கோ" என்றார்.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சடிப்பது எங்கள் வழக்கம். செத்தவர் எவ்வளவு நல்லவர் என்று அந்தச் சின்னப் புத்தகத்தில் எழுதியிருக்கும். கெட்டவர் செத்ததாக இன்றுவரை ஒரு கல்வெட்டும் சொன்னதில்லை. மாமி என்னைக் கூப்பிட்டு ஒரு கொப்பியைத் தந்து, சொல்வதையெல்லாம் ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னார். இதுதான் சுளகின் கல்வெட்டு என்றார்.

முதலில் வந்த ஏழெட்டுப் பேரும் தாங்கள் சுளகுக்குத்தான் புள்ளடி போட்டதாகச் சொன்னார்கள். எல்லாரும் போட்டிருந்தால் பிணம் எங்கிருந்து வந்தது என்று மாமி கேட்டார். வெங்காயக்காரப் பெரியவர்தான், பொய் சொல்ல மனமில்லாமலோ பசியாலோ உண்மையைத் தொடங்கிவைத்தார். இத்தனை வருடமும் சபை உங்கள் கையில்தானே இருந்தது, மாரி வந்தால் என் தோட்டத்துக்குள் வெள்ளம் நிற்கிறது, வாய்க்காலைத் துப்புரவாக்கச் சொல்லி எழுதிய கடிதங்களுக்கு ஒரு பதிலும் இல்லை, மேடையில் மட்டும் எங்களுக்கு நாடு கிடைத்தது என்றார். மாமிக்கு மூக்குச் சிவந்தது. ஆனாலும் எழுது என்றார். ஒரு பொடியன் எழும்பி, உங்கள் தலைவர்மார் குடையைத் திட்டியதைவிட ஒருவரை ஒருவர் திட்டியதுதான் கூட, அதையெல்லாம் நாங்கள் போனில் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம் என்றான். புருசனை இழந்த ஒரு பெண், என் மனுசனின் உண்மையான அந்தியேட்டிக்கு உங்கள் கட்சியில் ஒருவரும் வரவில்லை, இன்றைக்குச் சுளகின் அந்தியேட்டிக்கு நான் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வடையைப் பிய்த்தார். மாமி அதற்கும் எழுது என்றார். இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் என் பென்சில் கூர் முறிந்தது. நான் வீட்டுக்குள் ஓடி, புத்தகப் பையிலிருந்து என்னிடமிருந்த மிக நல்ல பேனையை எடுத்து வந்தேன்.

அந்தப் பேனையைப் பற்றிச் சொல்லவேண்டும். தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னர், ஊசி வாங்கப் போகிறோம் என்று சொல்லி அம்மா என்னைச் சுன்னாகத்துக்குக் கூட்டிப் போனார். ஊசி வாங்கவில்லை. ஒரு மாடிக் கட்டடத்தில் ஏறினோம். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் அம்மா பையிலிருந்து எடுத்த காணி உறுதியின் பிரதியை ஆறுதலாக வாசித்தார். நம்பரைக் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு எத்தனை அறை என்று கேட்டார். பிறகு, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டார். அம்மா கதிரையின் நுனிக்கு வந்து கையால் காற்றிலே வீட்டைக் கீறிக் காட்டினார். அம்மா அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்து நான் கேட்டதில்லை. வெளிக்கிடும்போது அந்த மனிதர் எனக்கு ஒரு பேனை தந்தார். வரும் வழியில் அம்மா சொன்னது ஒன்றுதான்: மாமிக்குச் சொல்லாதை.

நான் வாக்குத் தவறாத பிள்ளை. அன்றும் எழுத்துப் பிழை பார்க்கக் குனிந்த மாமி என் கையிலிருந்த பேனையை வாங்கி, அதிலிருந்த குடைப் படத்தைத் திருப்பிப் பார்த்து, இது ஆர் தந்தது என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவை மட்டும் பார்த்தேன்.

அம்மா பாயாச வாளியோடு பந்தலின் நடுவில் நின்றார். பந்தலில் இருந்த எல்லாரும் நான் பார்த்த பக்கம் பார்த்தார்கள். அப்பா எதையோ தேடுவதுபோலக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அம்மா வாளியைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. நிமிர்ந்து, அந்த வீட்டில் நான் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னார்:

"அவர் கிணறு எந்தப் பக்கம் எண்டு கேட்டவர், மச்சாள். உங்கடை ஆக்கள் இத்தினை வருசத்திலை ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை."

மாமியின் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். கோணல் துணியைப் பார்க்கிற பார்வைதான். ஆனால் அம்மாவைப் பார்க்கவில்லை, தன் கையிலிருந்த பேனையைப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் திருப்பித் தந்தார்.

"நல்லா எழுதுதோ?"

"ஓம் மாமி."

"அப்ப எழுது. கிணறு எந்தப் பக்கம் எண்டு நாங்கள் கேக்கேல்லை."

எழுதினேன். அந்தக் கல்வெட்டின் கடைசி வரி அதுதான். மாமி கொப்பியை மூடிச் சுளகுக்கு முன்னால் வைத்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பந்தியில் இருத்தி, தன் கையால் சோறு போட்டு, பாயாசமும் விட்டார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அம்மா தலையைக் குனியாமல் சாப்பிட்டார். எனக்குப் பெரிய நிம்மதி. பேனை விஷயம் மாமிக்கு விளங்கவில்லை, நான் இரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எண்ணி நானும் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்தக் கல்வெட்டு இன்னும் மாமியின் அலுமாரியில் இருக்கிறது. அதைக் கட்சியின் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டப் போனார், அவர்களுக்கு நேரமில்லை. அதற்குப் பிறகு இன்னொரு தரம் தேர்தல் கேட்டு, இன்னொரு தரம் தோற்றார். அந்தத் தரம் ஒவ்வொரு வீட்டுக்கும் கொப்பியோடு போய்த் தோற்றார். சுன்னாகத்து மாடியில் இருந்தவர் தேர்தல் முடிந்த பிறகு அம்மாவின் அழைப்பை ஒரு தரம்கூட எடுக்கவில்லை. அப்பா பயந்ததும் நடந்தது. சனம்தான் உங்களை வேண்டாம் என்றுவிட்டதே என்று கேட்கத்தான் கேட்டார்கள். வேலி மட்டும் கொஞ்சம் பின்னுக்குப் போய், எங்கள் காணிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. போகட்டும். செத்துவிட்டது என்று நோட்டீஸ் ஒட்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்கள் நிற்கிறார்கள், நானும் இப்போது நிற்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தியேட்டிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. காலையில் அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு மாமியோடு வெளிக்கிட்டார். அதுவரை அம்மா அந்தப் பக்கமே போனதில்லை. நானும் வாறன் என்றேன். காங்கேசன்துறைப் பக்கம் என்றால் எனக்குக் கீரிமலைதான், கேணியில் குளிப்பதுதான். ஒரு துவாயையும் மாற்றுச் சட்டையையும் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தேன்.

இறங்கிய இடத்தில் கேணி இல்லை. முட்கம்பி வேலியும், அதற்குப் பின்னால் பற்றைக்காடும், காவற்கொட்டிலில் ஒரு ஆமிக்காரனும்தான். கட்சிக்காரர் குறைந்து மிகச் சிலர்தான் வந்திருந்தார்கள். மாமி அவர்களை விலக்கி அம்மாவை வேலியின் முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பிள்ளை, கிணறு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அம்மா கையை நீட்டினார். நீட்டிய கையை இறக்கவில்லை. ஆமிக்காரன் எழும்பி நின்று பார்த்தான். மாமி அம்மாவின் கை போன திசையையே பார்த்துக்கொண்டு, எத்தனை முழ ஆழம், மாரியில் எதுவரை தண்ணீர் வரும், துலாவா கப்பியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும், கம்பிக்கு அந்தப் பக்கமும் கேட்கிறமாதிரி, உரத்துப் பதில் சொன்னார். எனக்கு வெயில் சுட்டது. எப்ப குளிக்கிறது என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா திரும்பவில்லை.

அன்று குளிக்காமல் திரும்பி வந்ததற்காக நான் அம்மாவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.