தொங்காத கொன்றை

எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் நின்றால் பூக்களைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பதினொரு வருஷமாகியும் இது எனக்குப் பழகவில்லை. மனிதர் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் பூப்பதுதான் மரத்துக்கு அழகு. கொழும்பில் இந்த வெள்ளவத்தையில் மரங்கள் எனக்குக் கீழே உச்சந்தலையைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் மேல் காகம் எச்சமிட்டிருப்பதும், யாரோ மேல்மாடியிலிருந்து எறிந்த பொலித்தீன் பை சிக்கியிருப்பதும் தெரிகின்றன. முன்பு இவ்வளவு தெரியவில்லை. மாசி மாதம் கண்ணில் படர்ந்திருந்த வெள்ளையை எடுத்தார்கள். அதற்கு முன்பு இந்த ஊரே கொஞ்சம் புகைமூட்டமான ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டை அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது, புகை என் கண்ணில் இருந்தது. அழுக்குத்தான் ஊரில் இருந்தது.

அப்படித் தெளிந்த கண்ணோடு நான் கண்ட முதல் பங்குனி இது. பார்க்கிறவற்றை எல்லாம் வாயைப் பிளந்து பார்ப்பேன் என்று மகன் நினைத்தான் போல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனான். அங்கே இலையே இல்லாமல் உடம்பெல்லாம் ரோஸ் நிறத்தில் பூத்த மரங்கள். அவற்றின் கீழே காரை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாக இறங்கிப் படம் எடுக்கிறார்கள். ஒருவராவது மரத்தைப் பார்க்கவில்லை. மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். இதைப் பார்க்கவா எனக்குக் கண் திறந்தது என்று கேட்டேன். மகன் காரைத் திருப்பினான்.

தங்கையின் மகள் கனடாவில் இருக்கிறாள், அவள் இன்னும் மோசம். ஒவ்வொரு வருஷமும் இந்த நாட்களில் வீடியோவில் வந்து ஒரு பூங்காவைக் காட்டுவாள்.

"பெரியம்மா, ஸ்பிரிங் வந்திட்டுது. செரி பூத்திருக்கு, பாருங்கோ."

"காய்க்குமோ?"

"இது காய்க்காது பெரியம்மா, பூவுக்குத்தான்."

"சாமிக்கு வைப்பியோ?"

"பறிக்க விடமாட்டாங்கள்."

"பேந்தென்னத்துக்கடி அது?"

ஆறு மாதம் செத்துக் கிடந்த மரம் எழும்பினால் அவர்களுக்கு அதிசயம்தான். எங்கள் மரங்கள் சாவதில்லை. ஊரில் வசந்தம் வந்தது என்று யாரும் யாருக்கும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. பங்குனியில் வேம்பு கொட்டும்; பாயை விரித்து அள்ளிக் காயவைத்து வடகம் போடுவோம். பூ என்றால் வேலை. இங்கே கோயிலடியில் ஒரு வேம்பு நிற்கிறது. அது கொட்டினால் கார் வைத்திருப்பவர்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதைத் திட்டுகிறார்கள்.

இங்கே பூவை மதிக்கிற ஒரு கூட்டமும் உண்டு. விடிந்ததும் காலி வீதி என்கிற பெருந்தெருவிலிருந்து பிரிகிற ஒழுங்கைகளில் போய்ப் பாருங்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பென்சன்காரர்கள், கம்பி கட்டிய தடியும் கையில் ஒரு பையுமாக, அடுத்தவர் மதிலுக்கு மேலால் செவ்வரத்தையையும் நந்தியாவட்டையையும் இழுத்துப் பறித்துக்கொண்டிருப்பார்கள். களவெடுத்த பூவைச் சாமிக்கு வைத்துப் பேரனுக்கு விசா கேட்பார்கள். எல்லாம் எங்கள் ஆட்கள்தான். நான் ஒருநாளும் மற்றவர் மதிலில் கை வைத்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. இனி எழுதப்போவது அந்தத் திமிருக்கு நடந்ததை.

சித்திரை வருஷப்பிறப்பன்று மூலிகை அவித்த மருத்துநீர் வைத்து முழுகும்போது தலையில் ஓர் இலையும் காலடியில் ஓர் இலையும் வைக்க வேண்டும். எந்த இலை என்பதை ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கம் சொல்லும். ஊரில் இதற்கு யாரும் அலைவதில்லை. கொழும்பில் அன்றைக்கு முதல்நாள் வீதியோரத்தில் ஒரு கிழவி சாக்கை விரித்துக் கட்டுக் கட்டாக இலை விற்பாள். நான் வந்த முதல் வருஷம் மருமகள் சுகந்தியும் ஒரு கட்டு வாங்கி வந்தாள். லிஃப்றுக்குள் ஏழெட்டுப் பேர் நிற்க, அதை அவிழ்த்துக் காட்டி, இது எந்த வேலியில் முறித்த குப்பை என்று சிரித்தேன். எனக்கு இலை தெரியும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு என் கதவு தட்டப்பட்டது. அதுவரை இந்தக் கட்டடத்தில் நான் மூன்றாம் மாடிக்காரரின் தாய். பேர் கூடக் கேட்டவர் இல்லை. வருஷம் பிறக்க ஏழு நாள் இருக்கும்போது, "அன்ரி, இந்த முறை என்ன இலை?" என்று ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். ஏழு வீட்டுக்கு நான்தான் இலை கொடுப்பேன். வருஷத்தில் அந்த ஒரு கிழமை எனக்கு இந்த ஊரில் ஓர் இடம் இருந்தது. மற்றக் கிழமைகளை அதைக்கொண்டுதான் ஓட்டினேன்.

நான் வந்த பிறகு மூன்று தரம் கொன்றை வந்தது. கால்வாய்க் கரையில் மஞ்சளாகப் பூக்கிற ஒரு மரத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எங்கள் கட்டடத்துக் காவல்காரரைக் கொண்டு கொப்பை இழுப்பித்து, இலையைப் பிடுங்கிக் கழுவி, வாழைநாரால் கட்டிக் கொடுத்தேன். இந்த வருஷமும் தலைக்குக் கொன்றை, காலுக்கு வேப்பிலை. வேப்பிலைக்குப் பஞ்சமில்லை. கொன்றைக்காக, பிறப்புக்கு மூன்று நாள் இருக்கையில் சுகந்தியையும் கூட்டிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனேன்.

மரம் நன்றாகப் பூத்திருந்தது. நான் அதன் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தேன். பார்த்தபடியே நின்றேன்.

கொன்றை சரம் சரமாகக் கீழே தொங்கும். இது கொத்துக் கொத்தாக மேலே நிமிர்ந்து நின்றது. இலையும் சின்னது. வேறு ஏதோ மரம். அதன் பேர் எனக்குத் தெரியாது. வெள்ளை படர்ந்த கண்ணுக்கு மஞ்சள் தெரிந்திருக்கிறது, மிச்சத்தை நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வருஷப்பிறப்புக்கு ஏழு வீட்டாரின் தலையிலும் இந்தப் பேர் தெரியாத இலையை வைத்திருக்கிறேன். அவர்களில் பாங்கு மனேஜர் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பித்த ரீச்சர் இருக்கிறார். இலையைப் பார்த்து மரம் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

"மாமி, என்ன யோசிக்கிறீங்கள்?" என்றாள் சுகந்தி.

"இது கொன்றை இல்லை."

அவள் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேசாம இதையே முறிப்பம் மாமி. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அன்றைக்கு ஊரில் இருக்கிற தங்கைக்குப் போன் எடுத்தேன். எங்கள் வளவில் நின்ற கொன்றையில் இரண்டு கொப்பை முறித்துப் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னேன்.

"அது வான் நிப்பாட்ட இடமில்லை எண்டு தறிச்சாச்சு அக்கா. சொன்னனான் தானே. இஞ்ச இப்ப ஆர் இலை தேடினம்? கோயிலில மருத்துநீரோட சேர்த்துப் பையில கட்டித் தாறாங்கள்."

"எந்த இலையெண்டு பாக்கிறேல்லையோ?"

"பாத்து? கொழும்பில இருந்துகொண்டு நீங்கள்தான் பெரிய ஊர்க்காரியாக் கிடக்குது."

போனை வைத்துவிட்டேன். எனக்குச் சூடு போட அவளுக்கு எப்போதுமே தெரியும்.

சுகந்திக்குத்தான் ஞாபகம் வந்தது. பாமன்கடைப் பகுதியில் அவள் சட்டை தைக்கக் கொடுக்கிற வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில், ஒரு மதிலுக்கு மேலால் மஞ்சள் சரம் தொங்கிக் கண்டிருக்கிறாளாம். அடுத்த நாள் காலையில் போனோம். உண்மைதான். நான் நல்ல கண்ணோடு கண்ட முதல் கொன்றை அது. மதிலுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி. கீழே ஒழுங்கையெல்லாம் மஞ்சள். ஊர்க் கொன்றையைவிட நன்றாகத்தான் பூத்திருந்தது. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் அது உண்மை.

கேற்றுக்குள் என் வயதில் ஒரு சிங்களப் பெண் விளக்குமாறோடு நின்றாள். எங்களைக் கண்டதும், "மல் கடண்ட எப்பா" என்றாள். பூப் பறிக்காதே என்கிறாள். பதினொரு வருஷத்தில் நான் சேர்த்த சிங்களம் மரக்கறிக் கடைக்கு மட்டும் காணும். இருந்தும், "மல் எப்பா. கொள" என்றேன். பூ வேண்டாம், இலை.

இவ்வளவு பூ தொங்க இலை கேட்கிற ஒருத்தியை அவள் கண்டதில்லை போலும். மருந்துக்கோ என்று கேட்டாள். நான் கையைத் தலையில் வைத்துக் காட்டினேன். தலையிடியோ என்றாள். பிறகு சுகந்தி நின்று விளக்கினாள். அவள் சிங்களத்தில் ஒப்பீஸ் நடத்துகிறவள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் மாறியது. தங்களுக்கும் இப்படி உண்டு என்றாள். வருஷம் பிறந்து சில நாளுக்குப் பிறகு, நல்ல நேரத்தில் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது மேலே ஓர் இலை, காலடியில் ஓர் இலை. என்ன இலை என்று அவர்களின் பஞ்சாங்கமாகிய லித சொல்லுமாம். இது எங்களுடையது மட்டும் என்று நினைத்துத்தான் இத்தனை காலமும் மற்றவர்களைக் குறைவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது அவ்வளவு சந்தோஷமான செய்தி இல்லை.

கொப்பை வளைத்தவள் திடீரென்று நிறுத்தி என் காலைக் காட்டினாள். "ககுலட்டத?" காலுக்கோ?

"நே, நே, ஒளுவட்ட," என்று சுகந்தி முந்திக்கொண்டு தலையைத் தொட்டாள்.

வெசாக் பண்டிகைக்கு இந்தப் பூவைத்தான் புத்தருக்கு வைப்பாளாம். காலுக்கென்றால் தரமாட்டாளாம். இந்த முறை பஞ்சாங்கம் கொன்றையைக் காலுக்குச் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். யோசித்து முடியவில்லை.

இலையை என் கையில் தந்துவிட்டு அவள் நீளமாக ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"ஒவ்வொரு நாளும் விடிய எங்கட ஆக்கள் வந்து பூவை முறிச்சுக்கொண்டு போயினமாம். கேட்டு வந்தது நீங்கள் ஒராள்தானாம்."

"அது எங்கட ஆக்கள் இல்லையெண்டு சொல்லு."

"எங்கட ஆக்கள்தான் மாமி," என்றாள் சுகந்தி. அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவும் இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் சுகந்தி எனக்குப் புத்தி சொன்னாள். புது இலையைக் கொடுப்போம், பழையதைப் பற்றி வாய் திறக்கத் தேவையில்லை என்றாள். திறந்தால் இனி ஒருவரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் லிஃப்றுக்குள் ஊர் பார்க்கச் சிரித்தவள் நான். அந்த வீதியோரக் கிழவி ஒருவேளை சரியான இலையைத்தான் விற்றிருப்பாள்.

பிறப்புக்கு முதல்நாள் மத்தியானம் ஏழு கதவையும் நானே போய்த் தட்டினேன். இது கொன்றை, முந்தி நான் தந்தது கொன்றை இல்லை, பிழை என்னுடையது என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

ரீச்சர் சிரித்தார். "அதுக்கென்ன அன்ரி, இலைதானே."

பாங்கு மனேஜரின் மனைவி, "நாங்கள் ஷவரில குளிக்கிறம் அன்ரி. நீங்கள் தாறதைச் சாமிப் படத்துக்கு வைக்கிறனான்" என்றாள். மற்றொரு வீட்டில், நான் மனவருத்தப்படக்கூடாதென்று இவ்வளவு நாளும் வாங்கினார்களாம். ஆறு வீட்டில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. வயதுபோன மனுசிக்கு ஒரு பொழுதுபோக்கு என்று விட்டிருக்கிறார்கள். என்னுடைய இடம் என்று நான் நினைத்தது அவர்கள் போட்ட பிச்சை. இந்தப் படித்த சனத்தின் மரியாதையை விட அந்தக் கால்வாய்க் கரை மரம் எவ்வளவோ மேல். அது பூத்தாவது தான் யார் என்று காட்டியது.

ஏழாவது, நாலாம் மாடியில் இருக்கும் தாரணியின் வீடு. கைக்குழந்தைக்காரி. கதவை அரைவாசி திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். முகம் சிவந்தது.

"அன்ரி, நீங்கள்தானே அந்த மனுசி வித்த கட்டை அவிழ்த்துக் காட்டிச் சிரிச்சனீங்கள்."

"ஓம்."

"போன முறைதான் என்ர பிள்ளைக்கு முதல் வருசம்." உள்ளே போய் படங்கள் ஒட்டிய ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தாள். குழந்தை முழுகிய படம். அதன் பக்கத்தில் காய்ந்த இலை ஒன்று ஒட்டியிருந்தது. அடியில் அழகான எழுத்தில் 'கொன்றை' என்று எழுதியிருந்தாள். "பாருங்கோ. பொய்யை ஒட்டி வச்சிருக்கிறன்."

அவள் ஏசினாள். தாய் தகப்பன் பக்கத்தில் இல்லை, முறை சொல்லித்தர ஆளில்லை, உங்களைத்தானே நம்பினேன் என்றாள். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நோகத்தான் செய்தது. ஆனால் அந்தப் படியில் ஏறினபோது இருந்த பாரம் இல்லை. இந்தக் கட்டடத்தில் ஒருத்தி அந்த இலையை உண்மையிலேயே பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறாள்.

"இது மட்டும் சரியெண்டு நான் என்னெண்டு நம்புறது?" என்றாள் கடைசியில்.

"செருப்பைப் போட்டுக்கொண்டு வா. பூவைப் பார்த்திட்டு நம்பு."

முச்சக்கர வண்டியில் பாமன்கடைக்குப் போனோம். மதிலடியில் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நிமிர்ந்து கனநேரம் பார்த்தாள். கையில் இருந்த இலையைக் கொப்போடு பிடித்து ஒப்பிட்டாள். நான் தாவரவியல் ரீச்சரைக் கூட அப்படி ஒரு வேலை செய்யக் கண்டதில்லை.

"ஓம். தொங்குது," என்றாள். பிறகு, "பழசை என்ன செய்யிறது அன்ரி?"

"வச்சிரு. எழுத்தை மட்டும் வெட்டிவிடு."

சத்தம் கேட்டு வீட்டுக்காரி வந்து கேற்றைத் திறந்தாள். தாரணியையும் பிள்ளையையும் பார்த்து, "ஒயாகே துவத?" என்று என்னிடம் கேட்டாள். உன் மகளோ என்கிறாள். மொழிபெயர்க்கச் சுகந்தி இல்லை. "ஓவ்" என்றேன், ஓம் என்று. தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள், மறுக்கவில்லை.

வீட்டுக்காரி விறாந்தையில் இருந்த வருஷப்பிறப்புப் பலகாரத் தட்டைக் காட்டி, "எண்ட, எண்ட அம்மே" என்று உள்ளே கூப்பிட்டாள். தாரணியோ, பிள்ளைக்குப் பால் நேரம், போவம் அன்ரி என்று என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். நான் ஒரு செருப்பைக் கழற்றி ஒரு காலைக் கேற்றுக்கு உள்ளே வைத்திருந்தேன். மற்றக் கால் செருப்போடு ஒழுங்கையில் நின்றது. இரண்டு பக்கமும் பூ உதிர்ந்து கிடந்தது. எதை மிதிக்காமல் எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல், கேற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.