சுடாதவருக்குக் கட்டில் இல்லை

ஐயாவு அண்ணன் சண்டைக்குப் போனவர். சொன்னால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரிப்பார்கள். கோழி அறுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவரை, கங்காணி மாயாண்டி இன்னும் சிலரோடு சேர்த்து, சண்டை நடந்த பஸ்ராவுக்குக் கப்பலேற்றிக் கூட்டிப்போனார். அங்கே தண்டவாளம் போடும் வேலை. ஒரு தண்டவாளம் அண்ணன் காலிலேயே விழுந்தது. திரும்பி வந்தபோது காலில் ஆறாத புண்ணும், சட்டையில் வெள்ளைக்கார ராஜா தலை போட்ட வெண்கலப் பதக்கமும் இருந்தன.

இந்த வருஷம் புண் புரையோடிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில், "பெரட்டுக்கு வராதவனுக்கு மருந்து இல்ல" என்று விரட்டினார்கள். பெரட்டு என்றால் விடியலில் வரிசையில் நின்று பேர் கொடுப்பது. நிற்கக் கால் இருந்தால் அவர் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்?

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில் சண்டைக்குப் போனவர்களுக்குச் சர்க்காரே கட்டில் கொடுத்து வைத்தியம் பார்க்கிறது என்று கேள்விப்பட்டு, மாட்டு வண்டி பிடித்தோம். அவர் மனைவி காளியம்மாக்காவும் கூட வந்தாள். மூன்றாம் வகுப்போடு நின்ற நான், வழியெல்லாம் ஆஸ்பத்திரியில் பேர் எழுதும் கிராணி வேஷம் போட்டு அண்ணனுக்குப் பொய் பழக்கினேன்.

"துப்பாக்கி புடிச்சியா?"

"புடிச்சேங்க."

"எத்தன பேரச் சுட்ட?"

"பாவம்டா, ஒருத்தனோட நிறுத்திக்கிறேன்."

காளியம்மாக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நிஜக் கிராணி கேட்டபோதும் துப்பாக்கிப் பொய்யை அண்ணன் அழகாகவே சொன்னார். அடுத்த கேள்வி வந்தது.

"யாருக்குக் கீழ இருந்த?"

வெள்ளைக்காரக் கேப்டன் பேரைச் சொல்லவேண்டிய இடம். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கங்காணி மாயாண்டிக்குக் கீழங்க" என்றார். தோட்டத்து ஆளை யார் கேட்டாலும் அதுதான் பதில். கங்காணி பேர்தான் எங்களுக்கு ஊர், விலாசம் எல்லாம்.

கிராணி பேனாவை மூடினார். "கங்காணி கூட்டிட்டுப் போனா நீ கூலி. சுட்டவனுக்குத்தான் இங்க கட்டில். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போ."

"எங்க மேலயும் குண்டு விழுந்துச்சுங்க."

"விழும். நீ சுட்டியா?"

அண்ணனுக்கு இரண்டாம் தடவை பொய் வரவில்லை.

வண்டியில் ஏறியதும் கத்தினேன். "கேப்டன் பேரு மறந்துபோச்சா அண்ணே?"

"மறக்கலடா. எனக்குத் தண்ணி எடுக்கப் போயித்தான் மாயாண்டி அண்ணன் அங்க செத்தாரு. யாருக்குக் கீழன்னா, வேற பேரு வாயில வரல."

புண்ணைச் சுற்றிய துணி நழுவியது. பதக்கத்தைச் சட்டையிலிருந்து கழற்றி, அதன் நாடாவாலேயே துணியைக் கட்டிக்கொண்டார். லயம் வரும்வரை ராஜா தலை அவர் காலில் ஆடிக்கொண்டே வந்தது.

அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காளியம்மாக்கா அந்தப் பதக்கத்தைத் தான் வளர்த்த ஆட்டின் கழுத்தில் கட்டினாள். "இந்த ஆட்டையாச்சும் சண்டைக்காரன்னு மதிக்கிறாங்களா பாப்போம்."

ஆடு நேராகத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாப் புல்லுக்குப் போனது. துரையும் சண்டைக்குப் போனவர்தான். பதக்கத்தைக் கண்டதும் பதறி ஓடிவந்து, தன் கையாலேயே அவிழ்த்து, கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ராஜாவை அவமானப்படுத்திவிட்டதாக அரைகுறைத் தமிழில் கத்தினார்.

காளியம்மாக்கா ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சீழு பட்டதுங்க தொரை. கையக் கழுவிக்குங்க."