ஐந்தருவிச் சாலையில் மறுபடி எடுத்த கணக்கு

ஜூலை மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை காலை ஏழு மணி தாண்டி, மதுரையில் செங்கோட்டை ரயிலில் ஏறினேன். தென்காசிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மூன்று மணி நேரப் பயணம். பையில் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ரத்த அழுத்த மாத்திரை, நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. நோட்டின் முதல் பக்கத்தில் என் அப்பாவைப் பெற்ற தாத்தா ஆவுடையப்பனின் பெயரும், பிறந்த ஊர் கீழப்பாவூர் என்பதும் எழுதியிருந்தேன். இறந்த தேதி, இறந்த இடம், கொள்ளி வைத்தவர் ஆகிய மூன்று வரிகளும் காலி.

குடும்பத்தின் கதையை எழுதித் தரும்படி என் மகள் கேட்டிருக்கிறாள், அதற்காகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் தாத்தா குற்றாலத்தில் இறந்தபோது நான் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்பதை மகளிடம் இதுவரை சொன்னதில்லை.

ராஜபாளையம் கழிந்ததும் மேற்கே மலை தெரிந்தது, உச்சியில் மேகம். எதிர் இருக்கையில் வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர், எலுமிச்சைச் சாக்கைக் காலுக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சீசனுக்குப் போகிறேனா என்று விசாரித்தார். பழைய ரெக்கார்டு பார்க்கப் போகிறேன் என்றேன்.

“குத்தாலத்துக்கு ரெக்கார்டு பாக்கப் போற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன், அண்ணாச்சி” என்றார். பாம்புக்கோவில் சந்தை நிலையத்தில் இறங்கும்போது, ஐந்தருவியில் தண்ணீர் நல்லாயிருக்கிறதாம், ரெக்கார்டு எங்கேயும் ஓடிப்போகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலை பத்தரை மணிக்குத் தென்காசி. நிலையத்துக்கு வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடை பிடிக்க வேண்டிய அளவுக்கு இல்லை. பஸ் நிலையத்துக்கு அருகே அறை எடுத்தேன். சீசன் வாடகை தொள்ளாயிரம் ரூபாய்.

முன்னோர் ஒருவரைத் தேடுகிறவர்களிடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்கலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். நம் நாட்டில் அது நடக்காது. வீடு வீடாகப் போய் எழுதிய படிவங்களை யாருக்கும் காட்டக் கூடாது என்பது சட்டம். கூட்டித் தொகுத்த எண்கள் மட்டும்தான் வெளியே வரும். எனக்கு இது நன்றாகத் தெரியும். எண்பத்தொன்றாம் ஆண்டுக் கணக்கெடுப்பில் என் தாத்தாவின் வீட்டை எழுதியதே நான்தான்.

அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஆசிரியர்களைத்தான் கணக்கெடுக்க அனுப்புவார்கள். எனக்கு ஐந்தருவிச் சாலையை ஒட்டிய வீடுகள் விழுந்தன. தாத்தா அங்கே இருப்பது தெரியும். வேறு பகுதி கேட்டிருக்கலாம். காரணம் சொல்ல வேண்டிவரும் என்று கேட்கவில்லை. பாட்டி இறந்து, நிலமும் பிரிந்த பிறகு, அறுபது வயதுக்கு மேல் அவர் கீழப்பாவூரை விட்டுப் போனார். குற்றாலத்தில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்த்தார். ரோஸம்மாள் என்ற கிறிஸ்தவ விதவையின் வீட்டில் அவளோடும் அவள் மகளோடும் வாழ்ந்தார். இந்த இரண்டில் எதை எங்கள் வீட்டில் பெரிய அவமானமாக நினைத்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். நான் போன வீட்டில் ஒரே அடுப்புதான். ரோஸம்மாள் அதில் முதலில் மீன் தொடாத தாத்தாவுக்குப் பருப்புக்குழம்பை இறக்கிவைத்துவிட்டு, பிறகு தனிச் சட்டியில் மீன் வைத்துக்கொண்டிருந்தாள். சமையல் சேர்த்தா தனியா என்று கேட்டேன். ஒண்ணாத்தான் என்றாள். நான் இரண்டு குடும்பம் என்று எழுதினேன். முன்னறையில் ரோஸம்மாளும் மகளும். பின்னறையில் ஆவுடையப்பன், தனி ஆள், மனைவியை இழந்தவர். தாத்தா என் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். “வெயில்ல வந்திருக்கியே லே, மோர் குடிச்சிட்டுப் போ” என்றார். இன்னும் பல வீடு பாக்கி இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். அவரைத் தாத்தா என்று அழைக்கவில்லை.

அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவேயில்லை.

அன்று மதியம் பஸ்ஸில் பாவூர்சத்திரம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள கீழப்பாவூருக்குப் போனேன். நரசிம்மர் கோவிலில் அன்று ஏதோ விசேஷம். பஸ் முழுக்கப் பூவும் துளசியுமாக ஏறினார்கள். என் சித்தப்பா மகன் எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறான். அப்பா கைப்பட எழுதிய குடும்ப நோட்டை எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொருவருக்கும் பிறந்த நட்சத்திரம், கல்யாணத் தேதி, இறந்த திதி என்று வரிசையாக இருந்தது. இரண்டு வயதில் இறந்துபோன என் அத்தைக்குக்கூடத் திதி இருந்தது. தாத்தாவின் பெயருக்கு நேரே, திதி எழுத வேண்டிய இடத்தில், அப்பா ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: வெளியூர்.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு, எண்ணெய் தேய்க்கப் போன மனுசனுக்கு அதைவிட வேறு என்ன எழுதுவது என்று தம்பி சிரித்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்பா வீட்டு நோட்டில் செய்ததை நான் அரசாங்கப் படிவத்தில் செய்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஆட்டோ இருநூறு ரூபாய் கேட்டது. வழக்கமாக இதில் பாதி. “சீசன்ல அருவியே டபுளா விழுகுது, சார். நான் மட்டும் சிங்கிளா வாங்க முடியுமா?” என்றார் ஓட்டுநர். பேரம் பேசாமல் ஏறினேன். வழியெங்கும் ரம்புட்டான், மங்குஸ்தான் கடைகள். எண்ணெய் தேய்க்கிறவர்கள் சின்னப் பலகையும் பாட்டில்களுமாய் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் அதை நோக்கி வந்தார்கள்.

பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் ஊழியர் இருந்தார். எந்த வருஷம் இறந்தார் என்று கேட்டார். எண்பத்திரண்டாக இருக்கலாம் என்றேன். சொந்தப் பேரன்தானே, வருஷம் தெரியாதா என்று திரும்பக் கேட்டார். அதில் கேலி இல்லை; நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். தெரியாது என்றேன். எண்பத்திரண்டில் பெயர் இல்லை. எண்பத்து மூன்று அக்டோபரில் இருந்தது. அவர் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். ஆவுடையப்பன், ஆண், வயது எழுபத்து நான்கு. இறந்த இடம் வீடு. தகவல் தந்தவர் ரோஸம்மாள். இறந்தவருக்கு உறவு: பக்கத்து வீட்டார்.

“பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க வந்து பதிஞ்சிருக்காங்க, சார். நல்ல மனசு” என்றார் அந்தப் பெண்.

நான் எழுதிய பொய்யை ரோஸம்மாள் தன் வாயால் ஏன் சொல்ல வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. என் படிவத்தை அவளோ வேறு யாருமோ பார்த்திருக்க முடியாது.

பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு ஐந்தருவிச் சாலைக்கு நடந்தேன். வீட்டை அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓட்டு வீடு இருந்த இடத்தில் காங்கிரீட் வீடு. மாடியில் ‘அறை வாடகைக்கு’ என்ற பலகை. கதவைத் திறந்தது ரோஸம்மாளின் மகள் தெரசா. இப்போது அவளுக்கு அறுபத்து நான்கு வயது. ரோஸம்மாள் இறந்து பல வருஷம் ஆகிறது. என்னை அறை கேட்டு வந்தவன் என்று நினைத்து, பெட் ஒன்றா இரண்டா என்று கேட்டாள். பெயர் சொன்னேன்.

“கணக்கு வாத்தியாரா? அடுத்த கணக்கு எடுக்க நீங்களேவா வந்தீங்க?” என்று உள்ளே கூட்டிப்போனாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, “முறைக்கு நான் ஒங்களுக்கு அத்தை. தெரியும்லா? வயசுல சின்னவளேன்னு பாக்காதீங்க” என்றாள்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அன்றைக்கு ஒரே அடுப்பை இரண்டாக எழுதினேன், அது தெரிந்தே செய்த தப்பு என்றேன். பிறகு பதிவேட்டில் பார்த்த சொல்லைச் சொல்லி, அதை ஏன் அவள் அம்மா சொன்னாள் என்று கேட்டேன்.

அன்று நான் போனதும் தாத்தா ரோஸம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: பையன் ரெண்டு குடும்பம்னு எழுதிட்டான். மாத்திச் சொன்னா அவன் வேலைக்குத் தொந்தரவு வரும். இனிமே யார் கேட்டாலும் பக்கத்து வீடுன்னே சொல்லு. தப்பாக எழுதுகிற கணக்கெடுப்பாளருக்குத் தண்டனை உண்டு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ரேஷன் கார்டிலும் ரோஸம்மாள் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. கடைசியில் சாவைப் பதியப் போனபோதும் அதையே சொன்னாள்.

“ஒங்க வேலையக் காப்பாத்த அம்மை பக்கத்து வீட்டுக்காரியாவே ஆயிட்டா” என்றாள் தெரசா. அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மூன்றாவது வரிக்கு வந்தேன். கொள்ளி யார் வைத்தது? தாத்தா இறந்த அன்று காலை சைக்கிளில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னிடம் சொன்னார். வகுப்பு இருக்கிறது, சாயங்காலம் வருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். சாயங்காலம் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். இதையும் தெரசாவிடம் சொன்னேன்.

“தெரியும். வாரேன்னு சொன்னீங்கன்னு அம்மை ஆறு மணி வரைக்கும் எடுக்க விடல. மழை வேற. ஒவ்வொரு பஸ்ஸா பாத்துட்டு நின்னா” என்றாள். பிறகு, கூட எண்ணெய் தேய்க்கிற சுப்பையா என்பவர் கொள்ளி வைத்ததாகச் சொன்னாள். சிற்றாற்றங்கரையில். சுப்பையாவுக்கு எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் நோட்டை எடுத்தேன். இதைத் திருத்தி எழுத வந்திருக்கிறேன், அவள் அம்மாவின் பெயரைத் தாத்தாவின் பெயருக்குக் கீழே மனைவி என்று எழுத அனுமதி வேண்டும் என்றேன். அவள் உள்ளே போய் டீ கொண்டுவந்து வைத்தாள்.

“இந்தத் தடவ குடிச்சிட்டுத்தான் எழுதணும். நீங்களா எழுதாதீங்க. அன்னைக்குக் கேட்ட மாதிரி ஒவ்வொண்ணாக் கேளுங்க. நான் சொல்லுதேன், சொன்னத எழுதுங்க.”

குடித்துவிட்டு, பேனாவைத் திறந்தேன். சமையல் சேர்த்தா தனியா என்று கேட்டேன். சேர்த்து என்றாள். எழுதினேன். அடுத்த கேள்வி குடும்பத் தலைவர் பெயர். அதை நான் கேட்கவில்லை. பழக்கத்தில் கை தானாக ஆவுடையப்பன் என்று எழுத ஆரம்பித்துவிட்டது. ஆ என்ற எழுத்தைப் போட்டிருப்பேன்.

“பாத்தீங்களா, மறுபடியும் கேக்காம எழுதுதீங்க” என்றாள் தெரசா. “தலைவர் அவரு இல்ல. வீடு அம்மைது. கோழி வித்து, மாவாட்டிக் கொடுத்து வாங்கின இடம். அவரு வந்து சேந்தவரு. ஆறு மாசம் சீசன் இல்லாத நேரத்துல அவருக்குச் சோறு போட்டதும் அம்மைதான். இந்த வீட்டுக்குத் தலைவர் யாருன்னு கேட்டா அவரே அம்மையத்தான் காட்டுவாரு.”

அந்த எழுத்தை அடித்தேன். அடித்தது தெரியும்படி விட்டுவைத்தேன். பெயர்: ரோஸம்மாள். தலைவருக்கு உறவு: தலைவர். அடுத்த வரியில் மகள் தெரசா. மூன்றாவது வரியில் ஆவுடையப்பன். தலைவருக்கு உறவு என்ன என்று கேட்டேன்.

“புருசன்” என்றாள்.

கணவர் என்று எழுதினேன். அந்தச் சுற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் மனைவி, மகன், மருமகள், வேலையாள் எல்லாம் எழுதியிருக்கிறேன். கணவர் என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதியதில்லை. ஆண் இருக்கும் வீட்டில் தலைவர் யார் என்று நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எழுதியதை முழுவதும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சரி என்றாள். கீழே கணக்கெடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, தலைவருக்கு உறவு என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். அவள் எட்டிப் பார்த்து, “பேரன்னு போடுங்க. இதுக்குப் போயி யோசிக்குதீங்க” என்றாள்.

மாலை மூன்றரைக்கு மேல் தென்காசியில் மதுரை ரயிலைப் பிடித்தேன். அருவிக்குப் போகவில்லை. அவள் வீட்டிலிருந்து புறப்படும்போது, அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரசாவிடம் கேட்டேன். வருகிறவர் கேட்டால் சொல்கிறேன் என்றாள். மதுரையில் என் வீடும் என் மனைவியின் பெயரில் இருக்கிறது. அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. கடந்த மூன்று கணக்கெடுப்பிலும் வாசலுக்குப் போய்ப் பதில் சொன்னது நான்.