டிரம்ஸ் நிற்காத பாட்டு

எங்கள் ஆல்பத்தில் எல்லாப் பாட்டும் முடிந்து, ஒன்று மட்டும் முடியாமல் உயிரை வாங்கியது. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பேப்பர் குடோன் காலியாகக் கிடந்தது, அதில்தான் பதிவு. நான் கிட்டாரும் பாட்டும், என் தோழி டிரம்ஸ், என் தம்பி பேஸ் கிட்டார். பாப் பங்க் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கத்திப் பாடுற பாட்டு என்றால் தெரியும். மறுநாள் குடோனுக்கு லோடு வருகிறது. அன்றைக்குள் முடித்தே ஆக வேண்டும்.

அந்தப் பாட்டுக்கு டிரம்ஸை நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஆனால் சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள்; அடிக்கடி சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பார்கள். சத்தம் கேட்டதும் தோழி குச்சிகளைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிடுவாள். அவளும் பட்டாசு வேலை பார்த்தவள். முதலில் ஓடு, அப்புறம் என்னவென்று பார் என்பது அங்கே எல்லோருக்கும் உடம்பில் ஊறிய பழக்கம். ஓடிப்போய் வெம்பக்கோட்டைத் திசையில் புகை தெரிகிறதா என்று பார்ப்பாள். அவள் அம்மா அங்கேதான் சரவெடி பின்னுகிறார். அவருக்கு முழங்கால் வலி வேறு.

"எங்கம்மாவால ஓட முடியாதுடி" என்பாள்.

மதுரையிலிருந்து வந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "டிரம்ஸை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டுருவோம்மா. யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார். தோழி குச்சிகளைப் பையில் வைத்தாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"அப்ப என் கிட்டாரையும் அதுலயே போட்டுருங்கண்ணே. நாங்க வீட்டுக்குப் போறோம்."

அவள் வாசிக்காத பாட்டு எனக்கு வேண்டாம். அதில் இரண்டாம் பேச்சே கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அவள் அம்மா வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போனேன். வாசலுக்கு வரச் சொல்லி, அரை நாள் லீவு கேட்கச் சொன்னேன்.

"நான் அங்கன வந்து என்னத்தச் செய்யப் போறேன்?"

"சும்மா அவ கண்ணுல படுற மாதிரி உக்காந்திருங்கம்மா. அது போதும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் லீவு சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினார்.

டிரம்ஸுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பாட்டு நன்றாகவே போனது. கடைசிச் சரணத்தில் வந்தது பாருங்கள், ஒரு வெடிச் சத்தம். அந்த அம்மா நாற்காலி சாய எழுந்து, செருப்பைக்கூட விட்டுவிட்டு, தகரக் கதவை டமாரென்று தள்ளிக்கொண்டு ஓடியே போய்விட்டார். இவரைக் கூட்டி வந்த என் புத்தியை என்ன சொல்ல. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

டிரம்ஸ் நிற்கவில்லை. தோழி கதவைப் பார்த்தபடியே கடைசி அடி வரைக்கும் வாசித்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றினார். "நல்லா வந்திருக்கு. ஆனா கதவுச் சத்தம் விழுந்திருச்சே. இன்னொரு தடவை போவோமா?"

"வேண்டாண்ணே, அது இருக்கட்டும்" என்றாள் தோழி. "எங்கம்மா எம்புட்டு வேகமா ஓடுறாக, பாத்தீகளா?"