பறவை என்றால் வந்துவிடுவாள்

பெண் பார்ப்பதில் எங்கள் மதுரைப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் இரண்டாம் கட்டம்தான். முதல் கட்டம் கோயிலில் நடக்கும். பொற்றாமரைக் குளத்துப் படியில் மாப்பிள்ளை வீட்டார் சும்மா காற்று வாங்குவதுபோல உட்கார்ந்திருப்பார்கள். பெண் வீட்டார் சும்மா சாமி கும்பிட வந்ததுபோல வருவார்கள். அடடே நீங்களா, என்ன இந்தப் பக்கம் என்று பெரியவர்கள் நாடகம் போடுவார்கள். பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். பிடித்தால் மேலே பேசுவார்கள். பிடிக்காவிட்டால் பார்த்ததாகவே கணக்கில்லை, யாருக்கும் சங்கடமில்லை. பெண்ணுக்குச் சங்கடமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் பெண்ணுக்குத்தான் விஷயமே தெரியாதே.

எனக்கு இது மூன்று முறை நடந்தது. ஒருமுறை அதே குளத்துப் படியில். ஒருமுறை ஜவுளிக்கடையில், நான் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தபோது. மூன்றாவது ஒரு கல்யாணப் பந்தியில். அங்கே எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நான் ரசம் ஊற்றிச் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பாவம், யாரோ தனியாக வந்திருக்கிறார் போல என்று அவருக்கு என் இலையிலிருந்த ஜாங்கிரியை வேறு எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துச் சித்தி வாய் தவறி உளறினாள். பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி, வயசும் ஏறிப்போச்சு என்று சொல்லிவிட்டார்களாம். என் ஜாங்கிரியைத் தின்றுவிட்டு.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எங்கள் திருநகர் முழுக்க எழுந்திருக்கும். வேண்டாம் என்று சொன்னதற்குக்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. நான் பாட்டுக்கு இருந்ததை, சிரித்ததை, சாப்பிட்டதை எல்லாம் யாரோ மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துத்தான் உடம்பு கூசியது. கல்யாணமே வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. என்னிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள் என்றுதான் சொன்னேன். அது பெரிய தப்பாகிவிட்டது. அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பாதான் மொட்டை மாடிக்கு ஏறிவந்து என் பக்கத்தில் நின்றார்.

"இனிமே உனக்குத் தெரியாம ஒருத்தரும் உன்னைப் பாக்க வரமாட்டாங்க பாப்பா. அதுக்கு நான் பொறுப்பு."

நம்பினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்பா என் கட்சி, அம்மா எதிர்க்கட்சி. யாராவது வரன் என்று வாயெடுத்தால் அம்மா முகத்தைத்தான் முறைப்பேன். அம்மாவும் சளைக்காமல் திருப்பி முறைப்பாள்.

எனக்குப் பறவை பார்க்கிற பைத்தியம் உண்டு. டவுனில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, ஞாயிறு காலையில் நிலையூர்க் கண்மாய் அல்லது சமயநல்லூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய். அப்பா ஸ்கூட்டர் ஓட்டுவார், நான் பின்னால் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பேன். ஆறு வருஷமாக வருகிறார், இன்றைக்கும் அவருக்கு எல்லாமே கொக்குதான். நத்தைகுத்தி நாரையைக் காட்டினால் பெரிய கொக்கா என்பார். மீன்கொத்தியைக் காட்டினால் நீலக் கொக்கா என்பார், என்னைச் சீண்டுவதற்காக. எனக்கு அதுவே போதுமாயிருந்தது. கரையில் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் டீ குடித்துவிட்டு வருவோம்.

பூநாரையை மட்டும் நான் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் வரும். போவோம் போவோம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. போன தை மாதம் அப்பாவே கைப்பேசியை நீட்டினார். கடற்கரை இயற்கை, பறவை, கடல் உள்வாங்குகிற வற்றத்து நேரத்தில் தண்ணீருக்குள் நடை என்று ஒரு நாள் பயணம் கூட்டிப்போகிற வழிகாட்டி ஒருவர் மண்டபத்தில் இருக்கிறாராம். கூட்டத்தோடு இல்லை, நமக்கு மட்டும். நீயும் நானும்தான், கார் சொல்லிட்டேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன், எங்கப்பா போல உண்டா என்று.

கிளம்புகிற அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் வழக்கம்போல மண் நிறத்துச் சட்டையை எடுத்தால், அந்த மாம்பழ மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கோயேன், வெயிலுக்கு நல்லாயிருக்கும் என்றார். மஞ்சளைக் கண்டால் பறவை காத தூரம் ஓடும் என்று அவரிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். சரி, ஆசைப்படுகிறார் என்று போட்டுக்கொண்டேன். காரில் ஏறியதும் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து மல்லிகைப்பூவை நீட்டினார். பறவைக்குக் காட்டவா என்றேன். அம்மா வாங்கித் தரச் சொன்னா என்றார். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அம்மா வாசலில் நின்றாள். டாட்டா கூடக் காட்டவில்லை. என்னமோ சொல்ல வந்தவள்போல ஒரு எட்டு முன்னால் வைத்து, அப்புறம் உள்ளே போய்விட்டாள். எதிர்க்கட்சிதானே என்று நானும் கண்டுகொள்ளவில்லை.

வழிகாட்டி மண்டபத்தில் ஏறிக்கொண்டான். மீனவ வீட்டுப் பையன், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறதாம். முதலில் வற்றத்துக்குக் கூட்டிப்போனான். கடல் பின்வாங்கிப்போய், முழங்கால் தண்ணீரில் கடல் புல் சாய்ந்து கிடந்தது. அதில் நட்சத்திர மீன், கல்லுக்கடியில் நண்டு, கருப்பாய் நீளமாய்க் கடல் அட்டை. அட்டையைத் தொடக்கூடாது, பிடித்தால் ஜெயில் என்றான். அப்பா உடனே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த ஒரு மணி நேரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

அங்கிருந்து பாலம் தாண்டி, கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். ரோட்டோரம் பரந்த உப்பங்கழி. தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. பைனாகுலரை வைத்தேன். பூநாரைகள். ஐயோ என்றுதான் வாயில் வந்தது. வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கி மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று சிறகை விரித்தபோது உள்ளே அத்தனை சிவப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. வயதான கணவன் மனைவி இறங்கி எங்களை நோக்கி வந்தார்கள். இவங்களும் நம்ம கூடத்தான்க்கா என்றான் வழிகாட்டி, என் முகத்தைப் பார்க்காமல். நமக்கு மட்டும் என்று சொன்னீர்களே என்று அவனிடம்தான் நான் எகிறினேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா, இருக்கட்டும் பாப்பா, பெரியவங்க, ஆசையாப் பாக்க வந்திருக்காங்க என்றார். சரி என்று அடங்கிவிட்டேன்.

அந்த அம்மா நல்ல மாதிரி, அவர்களுக்கும் மதுரைதானாம். என்ன வேலை என்றார், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய் என்றார், சமைப்பாயா என்றார். மதுரைக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் கேட்பதுதானே, நானும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, அவர் கண்ணுக்குப் பைனாகுலரைச் சரிபண்ணிக் கொடுத்தேன். இது பூநாரை, அந்த ஓரத்தில் ஓடுவது உள்ளான், மேலே பறப்பது ஆலா என்று பாட்டுப் பாடாத குறையாக விளக்கினேன். எம்பொண்ணுக்குத் தெரியாத பறவையே கிடையாது என்று அப்பா பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார். பறவை இந்தப் பக்கம் இருக்கும்மா என்று அவர் தோளைத் தொட்டுத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் கைப்பேசி மறுபடி என் பக்கம் வந்தது. வயசானவர், கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். ரொம்பக் கிட்டப் போகாதீங்க, அதுகளுக்குப் பிடிக்காது, பறந்துரும் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது கைப்பேசிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"அம்மா, இன்னும் கிட்டப் போங்கம்மா. முகம் சரியாத் தெரியல."

அந்த அம்மா பதறி எதையோ அழுத்தினார். அவர் கணவர் இருமினார். நான் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு ஆள், ஏதோ வெளிநாட்டு அறையில், கையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, ஹாய் என்றான்.

பூநாரைகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியாது, அவரையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். வேறு பதில் தேவைப்படவில்லை.

தலையிலிருந்த பூவைப் பிய்த்து மணலில் எறிந்துவிட்டுக் காரை நோக்கி நடந்தேன். வழிகாட்டி கூடவே ஓடிவந்தான். சார்தான் சொன்னாருக்கா, அந்த வெள்ளைக் கார் வந்து நிக்கிற வரைக்கும் உங்களை வத்தத்துலயே வச்சிருக்கச் சொன்னாரு, குடும்ப விஷயம்னு நானும் வாயைத் திறக்கல என்றான். அப்படியானால் அந்த நட்சத்திர மீனும் நண்டும்கூட எனக்காகக் காட்டியதில்லை. நேரம் கடத்தத்தான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன், கிழிப்பதற்காகத்தான். இப்ப உனக்குத் திருப்தியா, பூவெல்லாம் வாங்கிக் கொடுத்து அனுப்புனியே என்று கத்தினேன்.

"பூவா? நான் ஏண்டி பூ வாங்கச் சொல்றேன். அவகிட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்கன்னு அம்புட்டு தூரம் சொன்னேன். பொண்ணு பாக்கன்னா வரமாட்டா, பறவைன்னா வந்துருவான்னு உங்கப்பாதான் சொன்னாரு."

போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவும் வைக்காமல் அந்தப் பக்கம் இருந்தாள். இத்தனை வருஷமாக நான் முறைத்துக்கொண்டிருந்த ஆள் எனக்காகச் சண்டை போட்டிருக்கிறாள். சண்டையே போடாமல் எனக்கு டீ ஊற்றிக்கொடுத்த ஆள் இதைச் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக என்னோடு வந்து, எனக்கு எதைக் காட்டினால் எங்கே வருவேன் என்று தெரிந்துவைத்திருந்தது வேறு யாரும் இல்லை.

திரும்புகிற வழியெல்லாம் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். பரமக்குடி தாண்டித்தான் வாயைத் திறந்தார். நல்ல பையனாம், பெரிய படிப்பாம், எனக்குப் பின்னால் உனக்கு ஒரு துணை வேண்டாமா என்றார். சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனோ மாட்டேனோ, எனக்கே தெரியாது. ஆனால் அதைச் சொல்லிப் பார்க்கிற மரியாதைகூட எனக்கு அவர் தரவில்லை.

"எனக்குத் துணை இருக்குன்னு நினைச்சுத்தான்ப்பா காலையில வந்தேன்" என்றேன். மானாமதுரை வந்தது, மதுரை வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்த மாப்பிள்ளை வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் போன் பண்ணியதாகத் தெரியவில்லை. அப்பாவோடு பேச்சு நிற்கவில்லை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதெல்லாம் நடந்தது. அவ்வளவுதான் நடந்தது.

மாசியில் அப்பாவுக்குக் கண் மங்கலாக இருக்கிறது என்று டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் பார்வை தெரியாது, துணைக்கு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் லீவு போட்டுக் கூட்டிப்போனேன். மருந்து விட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். ஹாலில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

எதிர் பெஞ்சில் வயதான கணவன் மனைவி வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். எந்த ஊரும்மா, எங்க வேலை பாக்குற என்று கேட்டார். மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தேன்.

நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மூடிய கண்ணோடு, மருந்து கன்னத்தில் வழிய, அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சத்தியமா அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது பாப்பா" என்றார்.